பாலாடையில் விளக்கெண்ணெய்

சென்ற தலைமுறைவரை தமிழ்நாட்டு வீடுகளில் ‘பேதிக்குக் கொடுப்பது’ என்றால் அது ஒரு முழு நாள் வேலை. பள்ளிக்கூடம் இல்லாத நாளாகப் பார்த்து, விடிந்ததும் பிள்ளைகளை வெறும் வயிற்றோடு வரிசையாக உட்கார வைப்பார்கள். பெரிய பிள்ளைக்கு டம்ளரில், சூடான காப்பியிலோ இஞ்சிச் சாற்றிலோ கலந்த விளக்கெண்ணெய். கைக்குழந்தை என்றால் பாட்டி சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்து, கால்களின் மேல் குழந்தையைக் கிடத்தி, பாலாடை என்னும் சிறு புகட்டுக் கிண்ணத்தின் மூக்கைக் கடைவாயில் வைத்து எண்ணெயைச் சரிப்பார். குழந்தை துப்பப் பார்த்தால் மூக்கைப் பிடிப்பார். மூச்சுக்காக வாய் திறக்கும்போது எண்ணெய் தொண்டையில் இறங்கிவிடும். பிறகு நாள் முழுவதும் வெந்நீர், கொல்லைப்புறம், மறுபடி வெந்நீர். வயிறு ஓய்ந்த பிறகு குழைந்த சோற்றில் ரசம், கடைசியாக மோர். மாதம் ஒருமுறை கொடுத்த வீடும் உண்டு, பருவத்துக்கு ஒருமுறை கொடுத்த வீடும் உண்டு. பிள்ளைக்கு மலச்சிக்கல் இருக்கிறதா என்று பெரும்பாலும் யாரும் கேட்டதில்லை. நாள் வந்துவிட்டது, கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். உண்மையிலேயே வெளிக்குப் போக முடியாமல் அழுகிற பிள்ளைக்கும் அதே எண்ணெய், அதே பாலாடை.

இந்தப் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு நூல் மரபு இருக்கிறது. தேரையர் பெயரில் வழங்கும் ‘பிணியணுகா விதி’ சித்த மருத்துவத்தில் நோய் வராமல் காக்கும் ஒழுக்கங்களைத் தொகுத்துச் சொல்வது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வாந்தி மருந்து, நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை மூக்கில் விடும் நசியம் என்று அதில் ஒரு கால அட்டவணை உண்டு. வீட்டுப் பேதிக்கு ஆதாரமாக இந்த அட்டவணையைத்தான் காட்டுவார்கள். ஆனால் அதே விதி இன்னொன்றையும் சொல்கிறது: மலமும் சிறுநீரும் வரும்போது அவற்றை அடக்கக் கூடாது. ஒன்று நாள் பார்த்துச் செய்ய வேண்டிய காரியம். மற்றது உடம்பு கூப்பிடும்போது செய்ய வேண்டியது. குழந்தைகளின் மலச்சிக்கலைப் பொறுத்தவரை நம் வீடுகள் முதல் விதியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு இரண்டாவதைக் கைவிட்டுவிட்டன என்பதும், பிள்ளையின் நோய்க்கு உண்மையான திறவுகோல் அந்த இரண்டாவது விதியில்தான் இருந்தது என்பதும் என் வாதம். நம் வீடுகள் மட்டும் இப்படிச் செய்யவில்லை. ஐரோப்பிய மருத்துவமும் அமெரிக்க மருத்துவமும் ஏறக்குறைய இதே தவறைச் செய்து, இருபதாம் நூற்றாண்டின் பாதி கடந்த பிறகே திரும்பி வந்தன.

விளக்கெண்ணெயின் மேல் மக்கள் வைத்த நம்பிக்கைக்குக் காரணம் இருந்தது. ஆமணக்கு கொல்லையோரத்திலும் தரிசிலும் தானாக வளரும். முத்துக்கு விலை கிடையாது. பேராமணக்கின் எண்ணெய் விளக்குக்கு, சிற்றாமணக்கின் எண்ணெய் மருந்துக்கு என்று பிரித்து வைத்திருந்தார்கள். முத்தை வெயிலில் காயவைத்து, மண்சட்டியில் லேசாக வறுத்து, உரலில் இடித்து, கொதிக்கும் தண்ணீரில் போட்டுக் கிளறினால் எண்ணெய் மேலே மிதந்து வரும். அதை அகப்பையால் வழித்தெடுத்து, இன்னொரு சட்டியில் சடசடப்பு அடங்கும்வரை காய்ச்சினால் ஈரம் போய்விடும். ஆமணக்கு முத்தில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. அது எண்ணெயில் கரையாது, கொதியில் சிதைந்துவிடும். ஆகவே இந்தச் சட்டி முறை எண்ணெயை நஞ்சில்லாமல் எடுக்கும் முறையும்கூட. புண்ணாக்கை மாட்டுக்கு வைக்காமல் வயலுக்கு உரமாகப் போட்டதும் அதே அறிவால்தான். கிறிஸ்துவுக்கு முன் 1550 வாக்கில் எழுதப்பட்ட எகிப்தின் ஏபர்ஸ் பாப்பிரஸிலேயே ஆமணக்கு மருந்தாக இடம்பெற்றிருக்கிறது. இங்கிலாந்துக்கு அது தாமதமாகவே போய்ச் சேர்ந்தது. மேற்கிந்தியத் தீவுகளில் மருத்துவம் பார்த்துத் திரும்பிய பீட்டர் கேன்வேன் 1764 இல் இந்த எண்ணெயைப் பற்றித் தனி நூலே எழுதினார். 1788 இல் லண்டன் மருந்து நூல் அதைச் சேர்த்துக்கொண்டது. பெரிய மருத்துவர்கள் ஏற்பதற்கு வெகு காலம் முன்பே கிராமத்துப் பெண்களின் கையில் இருந்த மருந்து இது.

எண்ணெய் வேலை செய்யும் விதத்தைப் பார்த்தால்தான் அது எங்கே போதாமல் போகிறது என்பது விளங்கும். குடலில் உள்ள நொதி விளக்கெண்ணெயை உடைத்து ரிசினோலிக் அமிலத்தைப் பிரிக்கிறது. அந்த அமிலம் குடல் தசையைத் தூண்டிச் சுருங்கச் செய்கிறது. எந்த ஏற்பி வழியாக என்பது 2012 இல்தான் தெளிவானது. சில மணி நேரத்தில் குடல் முழுதும் காலியாகிவிடும். காலியான குடலில் மறுபடி மலம் சேர இரண்டு மூன்று நாள் பிடிக்கும். அந்த இரண்டு மூன்று நாளும் பிள்ளை வெளிக்குப் போகாது. போகாததைப் பார்த்த வீடு, ‘மறுபடி கட்டிக்கிச்சு’ என்று கவலைப்படும். அடுத்த தடவைக்கான காரணத்தைப் பேதியே உண்டாக்கிக் கொடுத்தது. பெரியவர்கள் எப்போதோ ஒருமுறை பட்ட அவஸ்தைக்கு இந்த எண்ணெய் தீர்வாக இருந்திருக்கலாம். மாதக்கணக்கில் மலச்சிக்கலோடு தவிக்கும் குழந்தையின் சங்கதி வேறு.

அந்தக் குழந்தையைச் சற்றுக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். மூன்று வயது இருக்கும். கதவுக்குப் பின்னாலோ பீரோ மறைவிலோ போய் நிற்கும். கால்களைப் பின்னிக்கொண்டு, குதிகாலைத் தூக்கி நுனிக்காலில் நின்று, முகம் சிவக்க, உடம்பை விறைத்துக்கொள்ளும். பார்ப்பவர்கள் ‘பாவம், முக்குது’ என்பார்கள். உண்மையில் அது முக்கவில்லை, அடக்குகிறது. என்றோ ஒருநாள் கெட்டியான மலம் ஆசனவாயைக் கிழித்துக்கொண்டு வெளியேறியிருக்கும். அந்த வலியை மறக்காத குழந்தை, அடுத்த முறை உடம்பு கூப்பிடும்போது இறுக்கிக்கொள்கிறது. சிறிது நேரத்தில் உணர்ச்சி அடங்கிவிடும், குழந்தைக்கு அப்போதைக்கு ஜெயம். ஆனால் உள்ளே தங்கிய மலத்திலிருந்து குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாளைக்கு அது இன்னும் பெரிதாகவும் கெட்டியாகவும் வரும், இன்னும் வலிக்கும், குழந்தை இன்னும் இறுக்கும். வாரங்கள் போகப் போக மலக்குடல் விரிந்து, நிரம்பியிருக்கிறது என்ற உணர்வே மழுங்கிவிடும். பிறகு கட்டியைச் சுற்றி இளகிய மலம் கசிந்து ஜட்டியில் படும். வீட்டில் அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணுவார்கள், அல்லது சோம்பேறித்தனம் என்று அடிப்பார்கள். அந்தக் கசிவு குழந்தைக்குத் தெரியாமலே நடக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு வரும் மலச்சிக்கலில் ஆகப் பெரும்பகுதி, உறுப்பில் எந்தக் கோளாறும் இல்லாத இந்த அடக்குதல் வகைதான். வலிக்குப் பயந்து அடக்கும் பிள்ளையை மூக்கைப் பிடித்து எண்ணெய் குடிக்க வைத்து, வயிறு முறுக்க முறுக்கக் கட்டியை வெளியே தள்ள வைத்தால், அந்தப் பயத்துக்கு இன்னொரு சாட்சி சேர்கிறது. வெற்றிலைக் காம்பில் விளக்கெண்ணெய் தடவி ஆசனவாயில் வைப்பதும், சோப்பைச் சீவி வைப்பதும் அந்த நேரத்துக்கு உதவியிருக்கும். ஆனால் அதுவும் குழந்தை ஏற்கெனவே அஞ்சிக் காத்துக்கொண்டிருக்கும் அதே இடத்தில்தான் கை வைக்கிறது.

ஐரோப்பாவில் இந்தப் பேதிப் பழக்கத்துக்கு ஒரு கொள்கையே கட்டியிருந்தார்கள். பாரிஸில் சார்ல் பூஷார் 1887 இல், குடலில் தங்கும் கழிவிலிருந்து நஞ்சு இரத்தத்தில் ஏறி உடம்பைக் கெடுக்கிறது என்று எழுதினார். லண்டனில் சர் வில்லியம் ஆர்பத்நாட் லேன் என்ற பெரிய அறுவை மருத்துவர் அதை நம்பி, மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுக்கும் அளவுக்குப் போனார். 1919 இல் அமெரிக்க மருத்துவர் வால்டர் அல்வாரெஸ் இதை மறுத்தார்: மலச்சிக்கல்காரர்கள் சொல்லும் தலைவலியும் சோர்வும் மலம் வெளியேறிய உடனே நீங்கிவிடுகின்றன, இரத்தத்தில் நஞ்சு ஏறியிருந்தால் அவ்வளவு விரைவில் நீங்க வழியில்லை, விரிந்த மலக்குடலின் அழுத்தமே அதற்குக் காரணம் என்றார். மருத்துவ உலகம் மெல்ல அவர் பக்கம் சாய்ந்தது. வீடுகள் சாயவில்லை. ‘வயிற்றில் அழுக்கு சேரும், கழுவிவிட வேண்டும்’ என்று நம் ஊரில் இன்றும் கேட்கும் பேச்சும் பூஷாரின் கொள்கையும் ஒன்றையொன்று அறியாத ஒரே எண்ணம்.

கொள்கைக்குத் தகுந்த மருந்துகளும் வந்தன. விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பிள்ளைகளுக்குக் கந்தகமும் வெல்லப்பாகும் கலந்து கொடுத்தார்கள். டிக்கன்ஸின் ‘நிக்கோலஸ் நிக்கில்பி’யில் வரும் கொடிய பள்ளிக்கூடத்தில், பையன்களின் பசியைக் கெடுத்துச் சாப்பாட்டுச் செலவைக் குறைக்க அதைப் புகட்டுகிறார்கள். அதைவிட மோசமானது, பல் முளைக்கும் குழந்தைக்குக் கொடுத்த கேலோமெல் தூள். அது பாதரச உப்பு, பேதியும் ஆகும். கையும் காலும் இளஞ்சிவப்பாகி, தோல் உரிந்து, இரவு பகலாக அழும் ஒரு நோய் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் குழந்தைகளைப் பிடித்தது. காரணம் வெகு காலம் புரியவில்லை. 1948 இல் ஜோசப் வார்க்கனியும் ஹப்பர்டும் அந்தக் குழந்தைகளின் சிறுநீரில் பாதரசம் இருப்பதைக் காட்டினார்கள். 1950 களின் நடுவில் இங்கிலாந்தில் அந்தத் தூள்கள் சந்தையை விட்டுப் போயின, நோயும் கூடவே போயிற்று. பேதியால் பிள்ளைக்கு என்ன கெடுதல் என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் துயரமான பதில் இல்லை. மருந்தைத் தவிர, கடிகாரமும் இருந்தது. 1907 இல் நியூசிலாந்தில் குழந்தை நலத்துக்கான பிளங்கெட் சங்கத்தைத் தொடங்கிய ட்ரூபி கிங், பால் முதல் மலம்வரை எல்லாம் மணிப்படி நடக்க வேண்டும் என்றார். 1914 இல் அமெரிக்க அரசின் குழந்தைகள் துறை வெளியிட்ட கையேடு, மூன்றாவது மாதத்திலேயே மலம் கழிக்கப் பழக்கத் தொடங்கலாம் என்றது. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, முதல் சில வாரங்கள் கழிந்த பிறகு, பல நாளுக்கு ஒருமுறை மட்டும் மலம் கழித்தாலும் நலமாக இருக்கலாம். கடிகாரத்தைப் பார்த்தவர்களுக்கு அதுவும் நோயாகவே தெரிந்தது.

இந்த வரலாற்றில் நம் ஊருக்கு நேரடியான பங்கு ஒன்று உண்டு. அது எண்ணெய் அல்ல, ஓர் இலை. நிலாவாரை, நிலவாகை என்று நாம் சொல்லும் சென்னாவின் பூர்வீகம் அரபு நாடும் வடகிழக்கு ஆப்பிரிக்காவும். அரபு மருத்துவர்கள் வழியாக ஐரோப்பாவுக்குப் போன அந்த இலை, எகிப்தின் துறைமுகப் பெயரால் அலெக்சாந்திரியா சென்னா எனப்பட்டது. திருநெல்வேலிச் சீமையின் மழை குறைந்த மண் அந்தச் செடிக்குப் பிடித்துப்போனது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே விளைந்த இலை, அலெக்சாந்திரியா இலையைவிடப் பெரிதாக, உடையாமல், குப்பை கலக்காமல் லண்டன் சந்தைக்குப் போய் ‘டின்னவெல்லி சென்னா’ என்று பெயர் பெற்றது. இன்றும் உலகத்து மருந்து நூல்களில் அந்தப் பெயர் நிற்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துக் காடுகளில் விதைத்த செடி, இரண்டு மூன்று மாதத்தில் இலை பறிக்கப் பதமாகும். பறித்த இலையை வெயிலில் போட்டால் நிறம் போய்விடும். நிழலில் மெல்லிசாகப் பரப்பி, ஒரு வாரம் பத்து நாள் புரட்டிப் புரட்டிக் காயவைத்து, பசுமஞ்சள் நிறம் மாறாமல் பொதி கட்ட வேண்டும். அப்படிக் கட்டிய பொதிகள் தூத்துக்குடித் துறைமுகத்திலிருந்து கப்பலேறின. இங்கிலாந்தில் வாரக் கடைசியில் பிள்ளைகளுக்கு ஒரு கரண்டி கொடுத்துவந்த அத்திப்பழப் பாகில் வேலை செய்த சரக்கு சென்னாதான். இங்கே பிள்ளைகள் விளக்கெண்ணெய்க்கு முகம் சுளித்த அதே காலத்தில், அங்கே பிள்ளைகளின் வாய்க்குள் திருநெல்வேலி இலைக்கும் வழி திறந்திருந்தது.

சென்னாவின் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. ஒரு பொதி இலையின் வேகம் இன்னொரு பொதிக்கு இருக்காது. கஷாயம் ஒருநாள் ஒன்றும் செய்யாது, மறுநாள் பிள்ளையைப் புரட்டிப் போட்டுவிடும். 1941 இல் வேதியியலாளர் ஸ்டோலும் அவருடைய தோழர்களும் அந்த இலையின் செயல்பொருளான சென்னோசைடுகளைப் பிரித்தெடுத்தார்கள். அதன் பிறகு அளவு நிலையான மருந்து செய்ய முடிந்தது. அளவு நிலைத்தால்தான், ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டச் செய்யாமல், சிறு அளவில் தினமும் கொடுக்கலாம் என்ற எண்ணத்துக்கு இடம் உண்டாகும். இலை அதுவேதான், கொடுக்கும் நோக்கம் மாறியது.

எல்லா மலச்சிக்கலும் அடக்குவதால் வருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 1886 இல் டென்மார்க்கின் குழந்தை மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ஸ்ப்ருங், பிறந்ததுமுதல் மலச்சிக்கலால் வயிறு வீங்கி இறந்த இரண்டு ஆண் குழந்தைகளைப் பற்றி பெர்லினில் எடுத்துரைத்தார். பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்கள் இல்லாமல் பிறப்பதே காரணம் என்பது பின்னால் தெரிந்தது. 1948 இல் ஆர்வர் ஸ்வென்சன் அந்தப் பகுதியை அகற்றி இணைக்கும் அறுவை முறையை வெளியிட்டார். பிறந்து 48 மணி நேரத்துக்குள் முதல் கருமலம் போகாத குழந்தை, பச்சைப் பித்தமாக வாந்தி எடுக்கும் குழந்தை, வயிறு உப்பி எடை ஏறாத குழந்தை ஆகியோரை உடனே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இவர்களுக்குப் பேதி கொடுத்துப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. பாட்டிகளின் கைமருந்தில் இந்தப் பிரிவினைக்கு இடமே இருக்கவில்லை. எல்லா வயிற்றுக்கும் ஒரே பாலாடை.

மாற்றம் எங்கே தொடங்கியது என்று ஒரு நாளைக் குறிக்க முடியாது. இரண்டு அடையாளங்களைக் காட்டலாம். 1962 இல் பாஸ்டன் பக்கத்துக் குழந்தை மருத்துவர் பெர்ரி பிரேசல்டன், தாம் பார்த்துவந்த 1,170 குழந்தைகளின் பதிவுகளை வைத்து, மலம் கழிக்கப் பழக்குவதைக் குழந்தை ஆயத்தமான பிறகே தொடங்க வேண்டும், வற்புறுத்தக் கூடாது என்று எழுதினார். அடுத்த ஆண்டு நியூயார்க்கில் மர்ரே டேவிட்சனும் அவரோடு பணிபுரிந்தவர்களும் நாள்பட்ட மலச்சிக்கலுக்கு ஒரு சிகிச்சை முறையை முன்வைத்தார்கள். முதலில் தேங்கிய கட்டியை அகற்றுவது; பிறகு மலம் மறுபடி இறுகவே விடாமல், கனிம எண்ணெயை மாதக்கணக்கில் தினமும் கொடுப்பது; கூடவே கழிவறையில் உட்காரும் பழக்கத்தை மீட்பது. பேதியின் நோக்கம் குடலைக் காலி செய்வது. இதன் நோக்கம், வலிக்காமல் போகும் என்பதைக் குழந்தையின் உடம்பு திரும்பக் கற்றுக்கொள்ளும்வரை மலத்தை இளக்கமாக வைத்திருப்பது. கனிம எண்ணெயின் இடத்தைப் பின்னால் லாக்டுலோஸும், அதன் பிறகு பாலிஎத்திலீன் கிளைக்கால் தூளும் பிடித்தன. தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் அந்தத் தூள் உடம்பில் ஏறுவதில்லை என்றே சொல்லலாம்; தண்ணீரை மலத்தோடு பிடித்து வைப்பதுதான் அதன் வேலை. 2010 இல் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பும், 2014 இல் ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தை குடல் மருத்துவச் சங்கங்களும், 2018 இல் இந்தியக் குழந்தை மருத்துவர்களின் வழிகாட்டுதலும் ஏறத்தாழ ஒரே வழியைச் சொல்கின்றன. சில நாளில் தேக்கத்தை அகற்று, பிறகு குறைந்தது இரண்டு மாதம், பலருக்கு அதைவிட நெடுநாள், இளக்கும் மருந்தைத் தினமும் கொடு, நன்றாக இருக்கிறது என்று திடீரென நிறுத்தாமல் படிப்படியாகக் குறை, சாப்பிட்டதும் குடல் தானே அசையும் நேரத்தில் ஐந்து பத்து நிமிடம் உட்கார வை, கால் தொங்காமல் ஊன்றியிருக்கட்டும், கசிந்தால் திட்டாதே.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியவை சில இருக்கின்றன. முதலாவது, நம் முன்னோர் எல்லோரும் பேதி குடித்தே வளர்ந்தார்கள், யாருக்கு என்ன கெட்டுப்போனது என்பது. கெட்டுப்போனவர்கள் கணக்கில் வரவில்லை என்பதுதான் நேர்மையான பதில். மூக்கைப் பிடித்துப் புகட்டும்போது எண்ணெய் மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம்; அப்படி இறங்கிய எண்ணெய் நுரையீரலைப் புண்ணாக்கும் நோயை 1925 லேயே லாக்லன் என்பவர் விவரித்தார். குழந்தைக்கு எண்ணெய் புகட்டும் பழக்கமுள்ள இடங்களில் எல்லாம் அந்த நோயும் இருக்கிறது, தமிழ்நாட்டிலும் மருத்துவர்கள் அதைக் கண்டிருக்கிறார்கள். ஒரே நாளில் ஏழெட்டு முறை போன சின்னக் குழந்தைக்கு நீர்ச்சத்து வற்றுவது எவ்வளவு ஆபத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நேர்வாளம் சேர்ந்த கடும்பேதி மருந்துகள் தெரியாத கையில் இன்னும் கொடியவை. பூச்சி போகவாவது பேதி உதவியதே என்பார்கள். எண்ணெய்ப் பேதியில் சில புழுக்கள் வெளியே வந்து விழுந்திருக்கும், அதைக் கண்ணால் பார்த்த நம்பிக்கை பெரிது. ஆனால் விளக்கெண்ணெய் புழுவைக் கொல்லும் மருந்து அல்ல. குடலைக் கடித்துப் பிடித்துக்கொண்டிருக்கும் கொக்கிப்புழுவை அது அசைக்காது. 2015 முதல் தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் ஒரு அல்பெண்டசோல் மாத்திரை அந்த வேலையைப் பேதி இல்லாமலே செய்கிறது.

இரண்டாவது ஆட்சேபம் தாய்மாரிடமிருந்து வருவது, அது மதிப்புக்குரியது: மாதக்கணக்கில் மருந்து கொடுத்தால் குடல் அதற்கே பழகிவிடாதா, பிறகு தானாகப் போகுமா? இந்தப் பயத்தால்தான் பல பிள்ளைகளுக்கு மருந்து பத்தே நாளில் நின்று, மறுபடி கட்டி சேர்ந்து, மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. விரிந்துபோன மலக்குடல் தன் அளவுக்குச் சுருங்கி உணர்வு திரும்ப மாதங்கள் ஆகும். அதுவரை மலம் இளக்கமாக இருக்க வேண்டும். முறிந்த எலும்புக்கு மாவுக்கட்டு போடுகிறோம், பத்தாம் நாள் வலி குறைந்தது என்று அதைப் பிரிப்பதில்லை. இளக்கும் மருந்துகள் குடலைச் சோம்பேறியாக்குகின்றன என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நடுவில் நிறுத்தினால் நோய் திரும்புகிறது என்பதற்குத்தான் தாராளமாக ஆதாரம் இருக்கிறது.

மூன்றாவது, எல்லாம் சாப்பாட்டுக் கோளாறு, கம்பும் கேழ்வரகும் கீரையும் இருந்த காலத்தில் இந்த நோயே இல்லை என்பது. இதில் பாதி உண்மை. குன்னூரில் இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் ஆய்வு நடத்திய ராபர்ட் மெக்காரிசன், சத்துக் குறைந்த உணவு கொடுத்த குரங்குகளின் குடல் எப்படிக் கெடுகிறது என்று காட்டி, தீட்டிய அரிசியைப் பற்றிய எச்சரிக்கையை நம் மலையிலிருந்தே உலகுக்குச் சொன்னார். அவர் தொடங்கிய ஆய்வகம்தான் பிறகு ஹைதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. நாள் முழுக்கப் பாலும் பிஸ்கட்டுமாக வயிற்றை நிரப்பும் குழந்தைக்கு மலம் இறுகும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உணவு நோயைத் தொடங்கி வைக்கலாம், அடக்கும் பழக்கம் வேரூன்றிய பிறகு கீரையால் மட்டும் அதை எடுக்க முடியாது. கட்டி அடைத்திருக்கும் பிள்ளைக்கு நார்ச்சத்தை மேலும் மேலும் ஏற்றினால் வயிறு உப்பி வலிதான் கூடும். அதனால்தான் வழிகாட்டுதல்கள் வயதுக்குத் தகுந்த சாதாரண நார்ச்சத்தும் தண்ணீரும் போதும், மருந்துக்குப் பதில் அது ஆகாது என்கின்றன. அதோடு, கம்பங்கூழ் குடித்த அந்தத் தலைமுறைதான் தவறாமல் பேதியும் குடித்தது என்பதையும் மறக்கக் கூடாது.

இன்றைய மருத்துவத்தைத் தேரையர் தலையில் ஏற்றுகிறாய் என்று யாரேனும் சொன்னால் அதற்கும் பதில் சொல்லக் கடமை உண்டு. அந்த விதி குழந்தைகளுக்கென்று எழுதப்பட்டதல்ல. மலக்குடல் விரிவதைப் பற்றியோ வலியின் நினைவைப் பற்றியோ அது பேசவில்லை. ஆனால் அடக்காமை என்பது அங்கே தற்செயலாக விழுந்த சொல் அல்ல. தும்மல், கொட்டாவி, பசி, தாகம், உறக்கம், கண்ணீர் என்று பதினான்கு வேகங்களைச் சித்த மருத்துவம் எண்ணி வைத்திருக்கிறது. அவற்றை அடக்கினால் நோய் வரும் என்பது அதன் அடிப்படைப் பாடங்களில் ஒன்று, மலமும் அந்தப் பதினான்கில் அடங்கும். உடம்பின் அழைப்புக்குச் செவிகொடுப்பது நலம் என்ற எண்ணம் நம்மிடம் நூலாகவே இருந்தது. பேதி மட்டும் ஏன் வீட்டுக்குள் வந்தது, அடக்காமை ஏன் வரவில்லை என்பதற்கு என் ஊகம் எளியது. பேதியைப் பெரியவர்கள் கொடுக்கலாம், ஒரு நாளில் முடித்துவிடலாம், பலனைக் கண்ணால் பார்க்கலாம். அடக்காமல் இருப்பதோ பிள்ளை செய்ய வேண்டிய காரியம். அதற்குப் பெரியவர்கள் தரவேண்டியது மருந்து அல்ல. நேரமும் இடமும் அச்சமின்மையும்.

அந்த இடத்தைத்தான் நாம் இன்னும் தரவில்லை, குறிப்பாக வளர்ந்த பிள்ளைகளுக்குத் தரவில்லை. இலங்கையில் 10 முதல் 16 வயதுள்ள பள்ளி மாணவர்களிடம் நடந்து 2012 இல் வெளியான ஆய்வில், 15.4 சதவீதம் பேருக்கு மலச்சிக்கல் இருந்தது. வீட்டிலும் பள்ளியிலும் மன அழுத்தத்துக்கு ஆளான பிள்ளைகளிடம் அது கூடுதலாகக் காணப்பட்டது. இந்தியாவில் 2009 இன் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிவறை வேண்டும் என்கிறது. ஊரகப் பள்ளிகளை நேரில் பார்த்துக் கணக்கெடுக்கும் ஏசர் அறிக்கையின்படி, பெண் பிள்ளைகள் பயன்படுத்தக்கூடிய நிலையில் கழிவறை இருந்த பள்ளிகள் 2010 இல் 32.9 சதவீதம், 2018 இல் 66.4 சதவீதம். எட்டு ஆண்டில் இரட்டிப்பானது பெரிய காரியம். அப்போது மீதியிருந்த மூன்றில் ஒரு பங்குப் பள்ளிகளில், ஒன்று கட்டடமே இல்லை, அல்லது இருந்தும் பூட்டிக் கிடந்தது, அல்லது திறந்திருந்தும் உபயோகிக்க லாயக்கில்லை. அப்படிப்பட்ட பள்ளியில் படிக்கும் பெண், போகவேண்டி வந்துவிடுமோ என்ற பயத்தில் தண்ணீர் பாட்டிலைப் பைக்குள்ளேயே வைத்திருந்து, கடைசி மணி அடிக்கும்வரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்கு வீட்டில் விளக்கெண்ணெய் காத்திருக்கிறது.